பிள்ளைத்தாச்சி இருக்கும் வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது

எங்கள் ஊரில் எனக்குப் புயலக்கா என்று ஒரு பேர் உண்டு. என் குணத்தைப் பார்த்து வைத்த பேர் என்று என் வீட்டுக்காரர் வெளியூர்க்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அது பொய். மகளிர் குழுவிலிருந்து யாராவது ஒருத்தி பேரிடர்ப் பயிற்சிக்கு வர வேண்டும் என்று ஆள் கேட்டபோது, மற்றவர்களுக்கெல்லாம் நடவு வேலை இருந்தது. எனக்குக் கால் வீங்கியிருந்தது. அதனால் நான் போனேன். கீழ்வேளூரில் ஒரு மண்டபத்தில் காலை பத்து மணிக்கு உட்கார வைத்து, மாலை நான்கு மணிக்கு ஒரு விசில், ஒரு டார்ச், முதுகில் எழுத்துப் போட்ட ஆரஞ்சுச் சட்டை எல்லாம் கொடுத்து அனுப்பினார்கள். மதியம் போட்ட சாம்பார் சாதம் நன்றாகவே இருந்தது.

அன்று கற்றுக்கொண்டதை நான் வீடு வீடாகப் போய் ஒப்பித்தேன். வீட்டின் மேல் சாய்ந்திருக்கும் தென்னையில் மட்டையையும் குலையையும் கழித்து விடுங்கள். ஆடுகிற ஜன்னலுக்கு ஆணி அடியுங்கள். ஓட்டின் மேல் கனம் ஏற்றி வையுங்கள். புயல் என்று சொன்னால் கர்ப்பிணி, கைக்குழந்தை, வயதானவர்கள் முதலில் கிளம்ப வேண்டும். ஐப்பசி பிறந்துவிட்டால் ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். என்னைத் தெருமுனையில் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டவர்களும் உண்டு. அவர்கள் பேரெல்லாம் எனக்குத் தெரியும்.

மூன்று வருஷம் இப்படி ஓடியது. நான்காம் வருஷம் கார்த்திகையில் நிஜமாகவே ஒரு புயல் எங்கள் பக்கம் திரும்பியது. அப்போது இந்த நான்கில் ஒன்றைக்கூடச் செய்யாத வீடு ஊரில் ஒன்றுதான் இருந்தது. அது என் வீடு. ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்.

காரணம், என் மகள் எட்டு மாதம். மாப்பிள்ளை மஸ்கட்டில் வேலை. மாமியார் வீடு மயிலாடுதுறைப் பக்கம். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். பிள்ளைத்தாச்சி இருக்கும் வீட்டில் மரம் வெட்டக் கூடாது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, கூரையைப் பிரிக்கக் கூடாது, பள்ளம் தோண்டக் கூடாது. பிள்ளைக்கு ஆகாது. அவள் ஆற்றைத் தாண்டவும் கூடாது. மயிலாடுதுறையிலிருந்து எங்கள் ஊர் வருவதற்குள் நாலைந்து ஆறு தாண்டித்தானே வந்தாள் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அது பிறந்த வீட்டுக்கு வருவது, கணக்கில் வராதாம். வலி வந்துவிட்டாலும் கணக்கில் வராதாம். இடைப்பட்ட நாட்களுக்கு மட்டும்தான் ஆறு ஆறாம்.

இதையெல்லாம் கட்டிக் காத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? நான் இல்லை. நான் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறவள்தான், ஆனாலும் பயிற்சி எடுத்தவள். காத்தவர் என் வீட்டுக்காரர். அவர் பகுத்தறிவுக்காரர். எங்கள் கல்யாணமே வேண்டுமென்றே ராகு காலத்தில் நடந்தது. ஐயர் இல்லை, ஓமம் இல்லை, நாலு பேர் மைக்கில் பேசினார்கள், நான் பசியில் மயங்கப் பார்த்தேன். முப்பது வருஷமாக என் பூஜை அலமாரிப் பக்கம் அவர் தலை வைத்துப் படுத்ததில்லை. பிள்ளையார் சதுர்த்தியன்று மட்டும் கொழுக்கட்டைக்கும் கொள்கைக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லி ஏழெட்டு உள்ளே தள்ளுவார்.

அப்படிப்பட்ட மனிதர், மகள் வந்து இறங்கிய மறுநாளே சுத்தியலை ஒளித்து வைத்துவிட்டார். நான் ஒரு காலண்டர் மாட்டலாம் என்று தேடி, கடைசியில் விதைநெல் டிரம்முக்குள் கண்டுபிடித்தேன்.

“என்னங்க இது?”

“ஆணி அடிக்க வேணாம்மா.”

“ஏன்?”

“நம்பிக்கையெல்லாம் ஒண்ணும் இல்ல. எதுக்கு வம்புன்னுதான்.”

இந்த ‘எதுக்கு வம்பு’ என்பதற்கு எதிராக நான் எந்த மண்டபத்திலும் பயிற்சி எடுக்கவில்லை. சாமியை நம்புகிறவர்களிடம் சாமி பேரைச் சொல்லியாவது பேசலாம். நம்பாமல் பயப்படுகிறவரிடம் என்னத்தைச் சொல்வது?

மகள் படுத்தது கிழக்குப் பக்க அறையில். அந்த அறை ஓட்டின் மேல் ஒரு தென்னை நன்றாகச் சாய்ந்திருந்தது. அதே அறை ஜன்னலின் ஒரு கதவு கீல் விட்டு ஆடிக்கொண்டிருந்தது. அதைச் சரி செய்கிறேன் என்று அவர் எனக்கு வாக்குக் கொடுத்து வருஷக் கணக்காகிறது. இப்போது அந்தச் சோம்பலுக்கும் சாஸ்திரத்தின் துணை கிடைத்துவிட்டது.

புயல் நாளை ராத்திரி கரையைக் கடக்கும் என்று டிவியில் சொன்ன அன்று காலை, எங்கள் ஊர் நர்சம்மா கையில் பட்டியலோடு வந்தார். எட்டு மாதத்துக்கு மேல் உள்ளவர்களையெல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே சேர்க்கச் சொல்லி உத்தரவாம்.

“நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வண்டி வரும். ரெடியா இருக்கச் சொல்லுங்கக்கா. ஒங்களுக்குத் தெரியாததா?”

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். “எதுக்குங்க அவ்வளவு தூரம்? நம்ம பள்ளிக்கூடம் இந்தப் பக்கம்தான இருக்கு. மாடிக் கட்டடம். அங்க வச்சிக்கிறோம்.”

“சார், ராத்திரி வலி வந்துச்சுன்னா? மரம் விழுந்து ரோடு அடைச்சிக்கிச்சுன்னா நாங்க யாரும் இந்தப் பக்கம் வர முடியாது. நான் சொல்றத சொல்லிட்டேன்.” நர்சம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆரஞ்சுச் சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது.

சரி, தென்னையையாவது கழித்து விடுவோம் என்று மரம் ஏறுகிறவருக்குப் போன் போட்டேன். அன்றைக்கு ஊரில் அவருக்குத்தான் ஏகப்பட்ட கிராக்கி. மதியம் மூன்று மணிக்கு வந்து, இடுப்பில் அரிவாளோடு மரத்தடியில் நின்று மேலே பார்த்தார். பிறகு அறை வாசலில் நின்ற என் மகளைப் பார்த்தார்.

“முழுகாம இருக்குற புள்ளய வச்சிக்கிட்டு மரத்துல அரிவாள வைக்கச் சொல்றீங்களேக்கா. பாவம் எனக்கு வேணாம்.”

“மட்டைதாம்ப்பா. மரத்த வெட்டச் சொல்லல.”

“மட்டையும் மரந்தானே.” கொஞ்ச நேரம் யோசித்தார். “காய் பறிச்சுப் போடுறேன். காய் பறிக்கிறது வெட்டுறதுல சேராது.”

அதே அரிவாளால்தான் அவர் குலை குலையாக வெட்டிக் கீழே இறக்கினார். அது எப்படி வெட்டில் சேராது என்று நான் கேட்கவில்லை. மரத்தின் கனமாவது குறைந்ததே என்று காப்பி போட்டுக் கொடுத்தேன். தர்க்கம் பேசி அவரையும் இழந்துவிட்டால் யாரைப் பிடிப்பது?

இதற்கிடையில் என் வீட்டுக்காரர் தம் பங்குக்கு வீட்டைக் கட்ட ஆரம்பித்திருந்தார். கட்டுவது என்றால் கயிற்றால். அடிக்கத்தான் கூடாது, கட்டலாமே! ஆடுகிற ஜன்னலை நைலான் கயிற்றால் கட்டிலின் காலோடு சேர்த்துக் கட்டினார். ஓட்டின் மேல் கனம் வைக்க மண் மூட்டை வேண்டும். மண் எடுத்தால் பள்ளம் விழும். ஆகவே களத்தில் கிடந்த பதரைச் சாக்கில் அடைத்து, ஏணி போட்டு ஒன்பது மூட்டை ஏற்றினார். ஊதினால் பறக்கிற பதரைப் புயலுக்கு எதிராகத் தூக்கி வைத்த மனிதர் காவிரி பாயும் ஊர்களில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. மேலே வேர்த்து விறுவிறுத்து நின்ற அவர் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு வெளியே வரவில்லை.

மறுநாள் காலை காற்று ஒரு மாதிரி வீச ஆரம்பித்தது. தூறல் நிற்கவே இல்லை. சொன்னபடி பத்து மணிக்கு வண்டி வாசலில் வந்து நின்றது. உள்ளே இரண்டு கர்ப்பிணிகளும் நர்சம்மாவும். என் மகள் பையை எடுத்து வைத்துக்கொண்டு, கிளம்புகிற மாதிரியும் இல்லாமல் கிளம்பாத மாதிரியும் நின்றாள்.

“அப்பா சொல்ற மாதிரி பள்ளிக்கூடத்துலயே இருந்துடுறேம்மா.”

எனக்கு வந்ததே கோபம். பேருக்கேற்ற மாதிரி நடந்துகொண்டேன் என்று பிறகு தெருவே சொன்னது. ராகு காலத்தில் தாலி கட்டினவருக்கு இப்போது ஆறு தாண்ட என்ன பயம், ஊரிலுள்ள பிள்ளைத்தாச்சியெல்லாம் கிளம்பியாச்சு, புயலக்கா வீட்டுப் பிள்ளை மட்டும் ஓட்டு வீட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்க வேண்டுமா, கொள்கையும் இல்லாமல் சாமியும் இல்லாமல் நீங்கள் என்ன ரகம் என்றெல்லாம் கேட்டேன்.

அவர் மிச்சமிருந்த கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “போன தடவ அந்த முருங்கைய வெட்டுனேன்ல.”

அவ்வளவுதான் சொன்னார். எங்கள் மூன்று பேருக்கும் அது போதும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தீபாவளிக்கு வந்திருந்தபோது மகள் மூன்று மாதம். முருங்கையில் கம்பளிப்பூச்சி அடை அடையாக மொய்த்துக் கிடந்தது. பிள்ளை மேல் ஏறிவிடப் போகிறது என்று அவர்தான் மரத்தை அடியோடு வெட்டினார். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு அம்மாள், பிள்ளைத்தாச்சிய வச்சிக்கிட்டு மரத்த வெட்டுறீங்களே என்றபோது, மூடநம்பிக்கை என்று சொல்லிச் சிரித்தார். பத்தாம் நாள் கரு கலைந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த முருங்கையைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. அவர் அதையே நினைத்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு அன்று வரைக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பேச்சுப் பேசியிருக்க மாட்டேன்.

மகள்தான் முதலில் பேசினாள். “முருங்கையாலன்னா நெனச்சீங்க? அப்பா, நான் அன்னிக்கு ஸ்கூட்டிய எடுத்துக்கிட்டு பேங்க் வரைக்கும் போனேன்ல. ஆத்துப் பாலத்துல ஒரு பள்ளத்துல விட்டு வண்டி தூக்கிப் போட்டுச்சு. நான் யாருகிட்டயும் சொல்லல. அதனாலதான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “டாக்டர்கிட்ட ரெண்டு தடவ கேட்டேம்ப்பா. கரு சரியா உருவாகல, நீ படுத்தே கெடந்திருந்தாலும் இதான் ஆயிருக்கும்னாங்க. தெரியும். ஆனாலும் அந்தப் பாலத்துல போறப்ப கண்ண மூடிக்கிறேன்.”

இவள் ஏன் பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறேன் என்றாள் என்று அப்போதுதான் புரிந்தது. அவள் பயந்தது அப்பா சொன்ன ஆற்றுக்கு இல்லை, அந்தப் பாலத்துக்கு. இரண்டு பேரும் இப்போது என் முகத்தைப் பார்த்தார்கள்.

“வண்டி நிக்கிது. அழுவுறத அங்க போயி அழுதுக்கலாம், கிளம்புங்க” என்றேன்.

“ஆத்துக்கு என்ன பண்றது?” என்றார் அவர். விடவில்லை மனிதர்.

பயிற்சியில் சொல்லித்தராத ஒன்றை அப்போது சொன்னேன். “ஆடி மாசம் காவேரிக்கு எதுக்குங்க சித்ரான்னம் கிண்டி, காதோலை கருகமணி விடுறோம்? அவளுக்கு மசக்கைன்னுதானே? நம்ம வெட்டாறும் காவேரித் தண்ணிதான். வயித்துப் புள்ளக்காரி ஒருத்தி ஆஸ்பத்திரிக்குப் போறா, இன்னொரு வயித்துப் புள்ளக்காரி வழி விட மாட்டாளா?”

சாஸ்திரத்தில் இதற்கு இடம் உண்டா என்று எனக்குத் தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னேன். அவர் முகத்தில் அத்தனை நிம்மதியை நான் பார்த்ததில்லை. விறுவிறுவென்று உள்ளே போனார். முப்பது வருஷமாகத் தொடாத பூஜை அலமாரியைத் திறந்து, ஆடியில் மிஞ்சிய காதோலை கருகமணி எந்த டப்பாவில் இருக்கிறது என்று என்னைக் கேட்காமலேயே எடுத்து வந்தார்.

பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தச் சொன்னார். காற்று அடிக்குது, இங்க எப்படி நிறுத்துறது என்று டிரைவர் கத்தினார். இரண்டே நிமிஷம் என்று இவர் இறங்கிவிட்டார். ஆறு கலங்கலாக நுரைத்துக்கொண்டு, கரைக்கு ஒரு முழம் கீழே ஓடியது. வேட்டி ஒரு பக்கம் பறக்க, மஞ்சள் குங்குமம் வெற்றிலையோடு காதோலை கருகமணியை ஆற்றில் விட்டுவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார். கரையில் மண் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த எட்டு பேர் பார்த்தார்கள். எட்டு பேரில் ஆறு பேர் அவர் கட்சிக்காரர்கள். இன்றைக்கு வரைக்கும் டீக்கடையில் அவருக்கு அந்தப் பேச்சு உண்டு. மகள் அந்தப் பாலம் முழுக்கக் கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள், என் கையை நசுக்கிக்கொண்டு.

புயல் சொன்னபடி வந்தது. மூன்றாம் நாள் மகளை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் வீட்டைப் பார்க்க வந்தோம். சாய்ந்த தென்னை விழவில்லை. விழுந்திருந்தால் கதைக்கு எடுப்பாக இருந்திருக்கும். காய் இறக்கியதால் தப்பியதா, தப்ப வேண்டும் என்று இருந்ததா, எனக்குத் தெரியாது; மரம் ஏறுகிறவர் தம்மால்தான் என்கிறார். பதர் மூட்டைகள் பக்கத்து வீட்டுக் குளத்தில் மிதந்தன. ஆனால் கயிற்றால் கட்டிய ஜன்னல் கயிற்றோடு பிய்த்துக்கொண்டு வந்து கட்டிலின் மேல் கிடந்தது. அந்த வழியாகக் காற்று உள்ளே புகுந்து ஓட்டைத் தூக்கியிருக்கிறது. கட்டில் முழுக்க ஓடு. தலையணை இருந்த இடத்தில் ஒரு முழுக் கூரைச் சட்டம்.

இரண்டு பேரும் ஓட்டைப் பொறுக்கினோம். பிறகு அவர் போய் விதைநெல் டிரம்மைத் திறந்து சுத்தியலை எடுத்து வந்தார். நான் பார்த்தேன்.

“அவதான் இப்ப வீட்டுல இல்லியே” என்றார்.

மகள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று எதிர்த்தெருவில் என் தங்கை வீட்டில் அவளை விட்டோம். அந்த நாட்களில் அவர் அடித்த ஆணிக்குக் கணக்கு இல்லை. அடிக்க வேண்டாத இடத்திலும் அடித்தார். என் காலண்டருக்கு மட்டும் மூன்று ஆணி.

இருபது நாள் கழித்துப் பேத்தி பிறந்தாள். காலை எட்டரை மணிக்கு. சுகப்பிரசவம், தாயும் பிள்ளையும் நலம் என்று நர்ஸ் வந்து சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் இரண்டு பேரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் மஸ்கட்டுக்குப் போன் பேசி முடித்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இனிமேல் சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தோன்றியது.

“அந்தத் தீபாவளிக்கு அவ எள்ளுருண்டை கேட்டாங்க. எள்ளு சூடு, இந்த மாசத்துல ஆகாதுன்னு எனக்குத் தெரியும். ஆசையா கேக்குறாளேன்னு மூணு நாளும் குடுத்தேன்.”

டாக்டர் சொன்னது, மகள் சொன்னது எல்லாம் எனக்கும் தெரியும். ஊருக்கெல்லாம் தைரியம் சொல்லி விசில் ஊதினவள் நான். ஆனாலும் இரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் எள் வாங்கியதில்லை. கேட்டால், விலை ஏறிவிட்டது என்பேன்.

அவர் ஆச்சரியப்படவே இல்லை. “தெரியும்” என்றார்.

“என்ன தெரியும்?”

“கடையிலேர்ந்து எள்ளு வாங்கியாந்ததே நான்தானே. நீ உருட்டிக் குடுத்ததப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்.”

“அப்புறம் ஏங்க ஒரு வார்த்த கேக்கல?”

அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். “எள்ளா, மரமான்னு வந்துச்சு. மரமாவே இருந்துட்டுப் போவட்டும்னு வச்சிக்கிட்டேன். நீ தாங்க மாட்ட.”

குழந்தையை வாங்கிக்கொள்ள வரச் சொல்லி உள்ளே இருந்து கூப்பிட்டார்கள். எனக்குக் கண் தெரியவில்லை. நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்திருப்பதற்குள் அவர் முன்னால் போய்க் கையை நீட்டிவிட்டார்.